இருநூற்றுப் பதினான்கில் தொடங்கும் கெட்டிமேளம்

மகனே,

உன் கல்யாண மண்டபத்துத் திரையில் காட்டுவதற்காக எங்கள் பழைய படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறாய். அதில் ஒன்றை எனக்கு அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "அப்பா, தாலி கட்டுற நேரம் சபை முழுக்க அங்கால எதையோ பாக்குது. அம்மா உங்களைப் பாக்கிறா. நீங்கள் மட்டும் ஏன் நிலத்தைப் பாக்கிறியள்?" வெட்கம் என்று பதில் அனுப்பினேன். அது பொய் இல்லை. ஆனால் என்ன வெட்கம் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சபை பார்த்தது ஒரு கசெட் பெட்டியை. அதன் பக்கத்தில், படத்தின் ஓரத்தில் அரை முகத்தோடு நிற்பவர் யோகண்ணை. அன்று நான் செய்த ஒரு காரியத்துக்கு அவர் பெயர் கெட்டது, இன்றுவரை கெட்டே கிடக்கிறது. உன் கல்யாணத்துக்கு முன் அதை நேராக்க வேண்டும். அதற்கு உன் உதவி வேண்டும் என்பதால், உண்மையை முழுதாக எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் நானும் யோகண்ணையும் சுவிசின் துன் நகரில் ஒரே அறையில் இருந்தோம். இருவரும் அகதி விண்ணப்பக்காரர். நான் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அவர் ஏரியின் மறுகரையில் இன்னொரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி மடித்தார். எதையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிக்கிற மனிதர். பாண் வாங்கிய கடதாசிப் பையைக்கூட மடித்துத்தான் குப்பையில் போடுவார். இந்தக் குணத்தால் அவருக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது. அந்த நாட்களில் சுவிசில் எங்களுக்கு எட்டின தூரத்தில் நாதசுரமும் இல்லை, தவிலும் இல்லை. யோகண்ணையிடம் ஒரு கசெட் இருந்தது. அவருடைய தமக்கையின் கல்யாணத்தில் பதிவு செய்தது. ஊரிலிருந்து வரும்போது இரண்டு காற்சட்டை, ஒரு கசெட் என்று வந்தவர் அவர். எங்கே தமிழ்க் கல்யாணம் என்றாலும் அந்தக் கசெட்டும் அவரும் போவார்கள்.

அவர் வேலை செய்கிற முறையை நீ பார்த்திருக்க வேண்டும். கசெட் பெட்டியில் மூன்று இலக்கம் ஓடும் ஒரு சின்ன எண்ணி இருக்கும். கெட்டிமேளம் இருநூற்றுப் பதினான்கில் தொடங்குகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். முன்வாசிப்பை ஓடவிட்டு, அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கை உயர்ந்ததும் விரலை எடுப்பார். ஒரு நொடி பிசகாது. கசெட்டின் முதற் பக்கத்தில் பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தார். சுழிக்குக் கீழே வெறும் இலக்கம் எழுதுவது மரியாதை இல்லை என்று, 214 என்பதை மறுபக்கத்தில் எழுதிவைத்திருந்தார். மறுபக்கம் வெறுமையானது. பிழையாக யாரும் அழித்துப் பதியாதபடி, கசெட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பற்களையும் உடைத்தும் விட்டிருந்தார். மனிதனால் செய்யக்கூடிய பாதுகாப்பு எல்லாம் செய்தாகிவிட்டது. ஆனால் நான் அதே அறையில் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னர், அந்தக் கசெட்டில் ஒரு பெண் குரல் வரும்: "தம்பி, உந்தக் கதிரையை அங்கால தள்ளிப் போடும்." அது யோகண்ணையின் தாயார். அந்த அதட்டலுக்கு ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒருவர் எழும்பிக் கதிரையைத் தள்ளிப் போட்டார். நான் பார்த்த நான்கு கல்யாணத்திலும் இது நடந்தது. ஒருமுறை ஒரு சுவிஸ்காரரே தள்ளினார்.

இனி என் பக்கம். எங்கள் சமையலறையின் தலைமைச் சமையற்காரரை எல்லாரும் ஷெஃப் என்போம். பேர்ண் நகரத்துக்காரர், பெரிய மீசை, பேச்சு மிகக் குறைவு. கோப்பை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு, மதுக்கூடத்து இசைத்தட்டுப் பெட்டியில் ஒரே ஒரு தட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். நான்கு அமெரிக்கர்கள்: டெனர் சாக்ஸபோன், பியானோ, பெரிய பாஸ் வயலின், டிரம்ஸ். ஹார்ட் பாப் என்று சொல்லப்படும் வகை ஜாஸ். தட்டின் பெயரை உனக்குச் சொல்ல மாட்டேன். நீ உடனே தேடிப் பிடித்து, கழுவின மாதிரித் துல்லியமான ஒலியில் கேட்டுவிட்டு, "இதுக்கோ அப்பா?" என்பாய். நான் கேட்டது நீராவிக்கும் தட்டுச் சத்தத்துக்கும் நடுவில். அப்படித்தான் அதைக் கேட்க வேண்டும் என்று இன்னும் நம்புகிறேன்.

முதல் மாதம் அது எனக்கு நான்கு பேர் ஒரே அறையில் சண்டை பிடிப்பதுபோல இருந்தது. பிறகு ஒருநாள் ஈரக் கையால் தொடையில் ஆதி தாளம் போட்டுப் பார்த்தேன். ஆறு ஆவர்த்தனம் முடிய, எங்கெங்கோ அலைந்த நால்வரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். மறுபடி எண்ணினேன். மறுபடி வந்தார்கள். அந்த நாட்களில் என் வாழ்க்கையில் சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்துசேர்ந்த ஒரே விஷயம் அதுதான். அகதி விசாரணையில் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள்; மூன்று விதமாகப் பதில் சொன்னால் பொய்யன், ஒரே விதமாகச் சொன்னால் பாடமாக்கியவன். தொட்டிக்கு வந்தால் சாக்ஸபோன்காரர் ஒரே பாட்டை ஏழு விதமாக வாசித்தார், யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. ஷெஃப் என் தாளத்தைப் பார்த்து, பிழையான இடத்தில் தட்டுகிறாய் என்று தலையாட்டினார். நான் பிழை உங்களுடையது என்று தலையாட்டினேன். இருவருக்கும் பொதுமொழி இல்லாததால் அந்த விவாதம் ஒரு வருடம் நட்பாகவே நடந்தது.

உன் அம்மா சுவிசுக்கு வந்து இரண்டு மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஷெஃபுக்குக் கடைசி வேலைநாள். தெற்கே தங்கை வீட்டுக்குப் போகிறார். தட்டும் அவரோடு போகிறது. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் எங்களுக்கு மூன்று மணி நேர ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் கசெட் ஒன்று கொண்டுவந்தால் பதிந்து தருகிறேன் என்று சைகையால் சொன்னார். புதுக் கசெட் விற்கிற கடை ஹோட்டலுக்கு எதிர்த்தெருவில், ஏரிப் பக்கம் நூறு யார் தூரத்தில் இருந்தது. எங்கள் அறை ஹோட்டலின் பின்வாசலில் இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. நீ இதைவிடக் கனமான காரணம் ஒன்றை எதிர்பார்த்திருப்பாய். நானும் பல வருடமாக ஒன்றைத் தேடினேன். மழைதான்.

யோகண்ணை வேலையில் இருந்தார். மறுபக்கம் வெறுமைதானே, அதில் பதிந்துகொண்டு கல்யாணம் முடிய வேறு கசெட்டுக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணினேன். உடைந்த பற்களின் ஓட்டையை செலோடேப்பால் மூடினால் பதியலாம் என்பது எனக்குத் தெரியும். எந்த ஓட்டை எந்தப் பக்கத்துக்கு என்பது தெரியாது. ஆகவே இரண்டையும் மூடினேன். அந்த வயதில் நான் எடுத்த எல்லா முடிவுகளும் ஏறக்குறைய இந்த முறையில்தான் எடுக்கப்பட்டன. ஷெஃபிடம் கொடுத்து, எழுத்தில்லாத பக்கத்தில் பதியுங்கள் என்று என் ஜெர்மனில் சொல்லிவிட்டு, மிச்சச் சட்டிகளைக் கழுவப் போனேன். அவர் ஒரு பக்கத்தில் 214 என்று தெளிவாக எழுதியிருப்பதைப் பார்த்தார். மறுபக்கத்தில் பென்சில் கூர் சரியா என்று யாரோ பார்த்ததுபோல ஒரு சின்னக் கிறுக்கல். அவர் முடிவில் ஒரு பிழையும் இல்லை. விநாயகர் மேலேயே பதிந்து தந்தார். அவர் என் கையைக் குலுக்கியபோது என் கை ஈரமாக இருந்தது. அவர் தன் கையைத் துடைக்கவில்லை. நான் கசெட்டைக் கேட்டுப் பார்க்காமலே அறைக்குக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன்.

கல்யாணம் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். மேலே ஞாயிறு ஆராதனை. மணி அடிக்கும்வரை கீழே சத்தம் வேண்டாம் என்று பாதிரியார் கேட்டிருந்தார். முகூர்த்தமும் மணியும் ஏறக்குறைய ஒரே நேரம் என்பதால் முன்வாசிப்பு எதுவும் இல்லை, நேரே கெட்டிமேளம்தான் என்று யோகண்ணை தீர்மானித்தார். ஐயர் வாரநாட்களில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்பவர். மண்டபத்தில் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை, மேசையில் பாற்கட்டி உருக்கும் ஃபொண்டு அடுப்புக்கு அனுமதி உண்டு. ஆகவே அக்கினி பகவான் அன்று ஃபொண்டு அடுப்பில் எழுந்தருளினார். மேலே மணி அடித்தது. ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். யோகண்ணை விரலை எடுத்தார்.

இருநூற்றுப் பதினான்கில் டிரம்ஸ்காரரின் தனி ஆவர்த்தனம் போய்க்கொண்டிருந்தது. முதல் சில நொடி என்னைத் தவிர ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அட்சதை எறிந்தார்கள். தவில்காரன் இன்றைக்குக் கொஞ்சம் வேகம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு டிரம்ஸ்காரர் பித்தளைத் தட்டத்தில் அடித்தார் பார், சபை அப்படியே கசெட் பெட்டியின் பக்கம் திரும்பியது. உன் படம் எடுக்கப்பட்டது அந்தக் கணத்தில்தான். உன் அம்மாவின் பெரிய மாமா பாசல் நகரிலிருந்து வந்திருந்தார். அந்தப் பக்கத்துக்கு அவர்தான் தலை. "உதென்ன கோதாரி? நிப்பாட்டுங்கோ!" என்று எழும்பினார். யோகண்ணையின் கை போனது. ஐயர் திரும்பாமலே சொன்னார்: "நிப்பாட்டாதேங்கோ. முகூர்த்தம் போகுது. மேளம் மேளந்தான். நீர் கட்டும் தம்பி." முதல் முடிச்சு டிரம்ஸில் விழுந்தது. இரண்டாவதுக்குப் பியானோ நுழைந்தது. மூன்றாவது முடிச்சை நான் போடவும் சாக்ஸபோன் வந்து பாட்டை எடுத்துக்கொண்டது. சொன்னால் நம்பமாட்டாய், மூன்றும் தாளத்தில் விழுந்தன. ஒரு வருடப் பயிற்சி.

மாமா சபை நடுவில் நின்று கேட்டார்: "ஆர் இந்தக் கசெட்டைப் போட்டது?" யோகண்ணை கசெட்டை வெளியில் எடுத்துப் பார்த்தார். அதன் முதுகில் கோணலாக ஒட்டியிருந்த செலோடேப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "நான்தான்," என்றார். "மாறிக் கொண்டந்திட்டன்." "உம்மட்ட ஒரு வேலை தந்தா இப்பிடியோ செய்யிறது?" என்று மாமா கத்தினார். "ஓம், பிழைதான்," என்றார் யோகண்ணை. புதுப்பெண்ணின் ஆட்களுக்கு முன்னால் மாப்பிள்ளை ஏச்சு வாங்கக் கூடாது என்று அவர் ஒரு நொடியில் முடிவெடுத்ததை நான் பார்த்தேன். அந்த முடிவை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்வது மிகச் சுலபமாக இருந்தது.

உன் அம்மாவிடம் அன்று மாலை கேட்டேன், பயந்திட்டீரோ என்று. "இல்லை," என்றாள். "சுவிசில இப்பிடித்தான் ஆக்கும் எண்டு நினைச்சன். நல்லாத்தான் இருந்தது. நீங்கள் ஏன் களவெடுத்த ஆள் மாதிரி நிண்டனீங்கள்?" கல்யாணமாகி ஏழு மணி நேரத்தில் கேட்கப்பட்ட கேள்வி அது. பதில் சொல்ல எனக்குப் பதினொரு வருடம் எடுத்தது. சொன்னபோது, "தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு யோகண்ணையை ஒருவரும் கல்யாணத்துக்குக் கசெட் போடக் கூப்பிடவில்லை. யாரோ லண்டனிலிருந்து வேறு கசெட் எடுப்பித்தார்கள். அவருக்கு "ஜாஸ் யோகன்" என்று பெயர் வந்தது. நீ சின்ன வயதில் அவரை ஜாஸ் மாமா என்றுதான் கூப்பிட்டாய், அவர் பாட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டு. நான் திருத்தவில்லை. அடுத்த வருடம் அவருடைய தாயார் ஊரில் காலமானார். கடிதம் வந்த அன்று அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஆராவது தங்கட கல்யாணத்தில அந்தக் கசெட்டைக் கொப்பி எடுத்திருப்பினமோ?" அம்மாவின் குரல் அவரிடம் வேறு எதிலும் இல்லை. "கேட்டுப் பாப்பம் அண்ணை," என்றேன். அந்த நான்கு மாப்பிள்ளைகளின் வீட்டுக்கும் நானும் கூடப் போனேன். ஒருவரிடமும் இல்லை. ரயிலில் திரும்பி வரும்போது நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமான வசனம் இதுதான், மழை அல்ல.

நீ கல்யாணம் செய்யப் போகிறவன், ஆகவே அந்தத் தட்டிலிருந்து நான் கற்ற சிலதைச் சொல்லவேண்டும். ஒருவர் வாசிக்கும்போது மற்ற மூவரும் சும்மா இருப்பதில்லை, அவரைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். கேட்பது ஒரு வேலை என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. சாக்ஸபோனும் டிரம்ஸும் நாலு நாலு கட்டமாக மாறி மாறிக் கதைக்கும் ஓர் இடம் உண்டு: ஒருவர் சொன்னதை மற்றவர் வெட்டுவதில்லை, அதிலிருந்து எடுத்துத் தொடங்குவார். நீ கட்டப்போகிற நொஷாட்டல் நகரத்துப் பெண்ணோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கும்போது அதை நினைத்துக்கொள். வீட்டில் யார் சாக்ஸபோன் என்று முதல் வாரத்திலேயே முடிவுகட்டாதே. எங்கள் வீட்டில் அது நான்தான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். இன்னொன்று, பிழையான சுரம் விழுந்தால் அவர்கள் நிறுத்துவதில்லை. திரும்ப அதே சுரத்தைத் தொட்டு, அதை வழியாக்கிவிடுவார்கள். ஐயரும் அதைத்தான் செய்தார். நான் மட்டும் என் பிழையைத் திரும்பத் தொடவே இல்லை.

போன வியாழக்கிழமை தொட்டேன். உன் கல்யாணத்துக்குச் சொல்ல யோகண்ணை வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்றபின்னும் தன் சட்டைகளைத் தானே மினுக்குகிறார். கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி வர முதலே சொன்னேன்: "அண்ணை, அந்தக் கசெட்டை அழிச்சது நான்." அவர் சட்டையின் கையை மடித்து முடித்தார்.

"ஓம், தெரியும். செலோரேப் ஒட்டினது நீதான். நான் ஒட்டியிருந்தா நேரா ஒட்டியிருப்பன்."

"அப்ப ஏன் அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாத் திரிஞ்சனீங்கள்?"

"தனியப் போக மனம் வரேல்லை," என்றார். "வேற ஆரைக் கூப்பிடுறது? நீ வந்தது நல்லதாப் போச்சு."

நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அலுமாரியிலிருந்து பழைய கசெட் பெட்டியை எடுத்துவந்தார். அந்தக் கசெட் உள்ளேதான் இருந்தது. எறிய மனம் வராமல் வைத்திருந்து, பல வருடம் கழித்து ஒருநாள் மினுக்கும்போது சும்மா ஓடவிட்டாராம். தட்டு முடிந்தது. நிறுத்த மறந்துவிட்டார். ஷெஃபின் தட்டு நாற்பது நிமிடம்; கசெட்டின் பக்கம் நாற்பத்தைந்து. கடைசியில் கொஞ்சம் அழியாமல் இருந்தது.

அவர் போட்டார். சுற்றிவிடாமல் தொடக்கத்திலிருந்து போட்டார். இருவரும் கேட்டோம். இருநூற்றுப் பதினான்கில் டிரம்ஸ் வந்தபோது அவர் விரல் தானாக உயர்ந்தது. மெதுவான பாட்டுக்கு முன் சாக்ஸபோன்காரர் மூச்சு எடுப்பார். அந்த இடத்தை எனக்கு முன்பே அவர் தலையசைத்துக் காட்டினார். என்னைவிட நன்றாக அவருக்கு அந்தத் தட்டு பாடம். "சுத்தி விட்டுக் கேக்கலாம்தானே அண்ணை?" என்றேன். "கேக்கலாம்," என்றார். "ஆனா இவங்கள் நாலுபேரும்தான் இவ்வளவு காலம் அவவைப் பாத்துக்கொண்டிருந்தவங்கள். தாண்டிப் போறது சரியில்லை."

கடைசிச் சுரம் அடங்கியது. ஒரு சொடுக்கு. பந்தி வைக்கிற சத்தம், தூரத்தில் நாதசுரம், பிறகு அந்தக் குரல்: "சாப்பிடாமல் ஒருத்தரும் போகப்படாது, சொல்லிப்போட்டன்." நாடா முடிந்தது. யோகண்ணை எழும்பிக் குசினிக்குப் போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். நான் சாப்பிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு உண்மையான நாதசுரமும் தவிலும் வருகின்றன, சந்தோஷம். கெட்டிமேளத்தை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் நீயும் அவளும் நேரில் போய் யோகண்ணையைக் கேளுங்கள், கசெட்டையும் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லி. தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்குமுன் நான் ஒலிவாங்கியை எடுப்பேன். ஷெஃபுக்கும், அந்த ஐயருக்கும், நான் உனக்குப் பெயர் சொல்லாத அந்த நான்கு இசைக்காரருக்கும், உன் அம்மாவுக்கும் நன்றி சொல்வேன். பிறகு அந்தக் கசெட்டைப் போட்டது யார் என்று, முப்பது வருடத்துக்கு மேல் பிந்தி, சபையில் சொல்வேன். அதன்பின் யோகண்ணை விரலை எடுக்கட்டும், அவருடைய தாயார் எங்களைச் சாப்பிடக் கூப்பிடட்டும். இந்தமுறை எண் இருநூற்றுப் பதினான்கு அல்ல. சரியான எண் அவருக்குத் தெரியும்; நால்வரையும் வீட்டில் வாசித்து முடிக்கவிட்டே அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்.

படம் எடுப்பவரிடம் மறக்காமல் சொல்லிவை. சபை முழுக்க மறுபடி அந்தக் கசெட் பெட்டியின் பக்கம் திரும்பும். இந்தமுறை நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா